முதல் ஊசி

நுழையும்முன்

துறைமுகம் என்பது ஒரு நகரத்தின் தலைவாயில். அவ்வாயில் வழியே பொன்னும் பொருளும் வருவதுபோல நோயும் வருவதுண்டு. 1896ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த கொள்ளைநோய், பின்னர் இந்தியா முழுவதும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அந்நோயை அடக்க ஆட்சியாளர் அதிகாரத்தைத் துணைக்கொண்டனர். தொலைநாட்டிலிருந்து வந்த அறிஞர் ஒருவரோ மக்களின் நம்பிக்கையைத் துணைக்கொண்டார். அந்நம்பிக்கையைப் பெற அவர் செய்ததும், அது குலைந்தபோது அவர் பட்டதும் இப்பாடத்தில் எடுத்துரைக்கப்படுகின்றன.

1897ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் ஊசி மருந்துடன் அமர்ந்திருந்தார். மூன்று திங்கள் இரவுபகல் பாராது உழைத்து அவர் உருவாக்கிய மருந்து அது. பிளேக் என்னும் கொள்ளைநோயின் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, அவற்றைக்கொண்டே அந்நோய்க்கு எதிராக ஆக்கப்பட்ட மருந்து. விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தாயிற்று. அவை நோய்க்குத் தப்பின. மனித உடலுக்கு இது தீங்கு செய்யுமா, செய்யாதா? இவ்வினாவிற்கு விடைகூற ஒரு மனித உடல் வேண்டும். அவர் பிறர் எவரையும் தேடவில்லை. மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவ்வளவு, பின்னாளில் பிறருக்கு அவர் வழங்கிய அளவைப்போல மும்மடங்கிற்கும் மிகுதியானது. கடுங்காய்ச்சலும் வலியும் சில நாள்கள் அவரை வாட்டின. பின்னர் அவர் நலம்பெற்று எழுந்தார். அவர்தாம் வால்டெமர் ஹாஃப்கின்.

பிறப்பும் கல்வியும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் கருங்கடற்கரையில் உள்ள ஒடெசா நகரில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டில் உள்ள அந்நகரம் அன்று உருசியப் பேரரசின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. யூதக் குடும்பத்தில் தோன்றியவர் அவர். உருசியப் பேரரசில் அக்காலத்து யூதர்கள் வாழும் இடம், கற்கும் கல்வி, ஏற்கும் பணி ஆகிய அனைத்திலும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகியிருந்தனர்.

ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் பயின்றார். உடலில் புகும் கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்னும் உண்மையைப் பின்னாளில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற எலீ மெச்னிக்காவ் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1881ஆம் ஆண்டு யூதர்களின் குடியிருப்புகள்மீது வன்முறைக் கும்பல்கள் பாய்ந்தபோது, தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர்களுள் ஹாஃப்கினும் ஒருவர். அதற்காக அவர் சிறைப்பட்டார். ஆசிரியர் மெச்னிக்காவின் முயற்சி அவரை விடுவித்தது.

படிப்பில் சிறந்து விளங்கியும் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி கிட்டவில்லை. மதம் மாறினால் பணி உண்டு என்ற நிலை இருந்தது. பதவிக்காகப் பிறந்த சமயத்தைத் துறக்க அவர் மனம் ஒப்பவில்லை. விலங்கியல் அருங்காட்சியகத்தில் சிறு பணி ஏற்று ஆய்வைத் தொடர்ந்தார். 1888ஆம் ஆண்டு தாய்நாட்டை விட்டு நீங்கிச் சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகருக்குச் சென்றார். அடுத்த ஆண்டு பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தை அடைந்தார். மெச்னிக்காவ் அங்குத்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார். எனினும், ஹாஃப்கினுக்குக் கிடைத்தது ஆய்வாளர் பணியன்று, நூலகத் துணைப்பணியே. பகலில் நூல்களை ஒழுங்குசெய்தவர், எஞ்சிய நேரத்தில் நுண்ணோக்கியின்முன் அமர்ந்தார்.

காலராவிற்கு எதிராக

அந்நாளில் உலகை அச்சுறுத்திய நோய்களுள் காலரா முதன்மையானது. வாந்தியும் பேதியுமாகத் தொடங்கிச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய் அது. அந்நோயின் கிருமியை 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ந்த செருமானிய அறிஞர் இராபர்ட் காக், மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்துநீரிலேயே அக்கிருமி வாழ்வதைக் கண்டார். பகைவன் இன்னான் எனத் தெரிந்துவிட்டது. அவனை வெல்லும் படைக்கலன் கிட்டவில்லை.

ஹாஃப்கின் அக்கிருமிகளை ஆய்வகத்தில் இருவகையாகப் பக்குவப்படுத்தினார். ஒன்று ஆற்றல் குறைந்தது; மற்றொன்று ஆற்றல் மிகுந்தது. முதலில் ஆற்றல் குறைந்ததையும், சில நாள் கழித்து ஆற்றல் மிகுந்ததையும் செலுத்தினால் உடல் நோயை எதிர்க்கும் வல்லமை பெறும் என்று கருதினார். 1892ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் அம்மருந்தை முதன்முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். அடுத்து நண்பர்கள் சிலர் தாமாக முன்வந்தனர். எவருக்கும் ஊறு நேரவில்லை.

மருந்து தீங்கற்றது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நோயைத் தடுக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். அதற்குக் காலரா ஆண்டுதோறும் தோன்றும் நாடு தேவை. பாரிசில் பிரித்தானியத் தூதராக இருந்த டஃபரின் பிரபு, முன்பு இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பணியாற்றியவர். இந்தியாவிற்குச் செல்லுமாறு அவர் ஊக்கினார். 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாஃப்கின் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கினார்.

குளக்கரைக் குடிசைகளில்

வெள்ளையர் ஒருவர் ஊசியுடன் வந்து, நோய்க்கிருமியையே உடலில் செலுத்துவேன் என்றால் யார் இசைவர்? மக்கள் அஞ்சினர், ஐயுற்றனர். ஹாஃப்கின் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; அதிகாரிகளின் ஆணையைக் காட்டி அச்சுறுத்தவும் இல்லை. இந்திய மருத்துவர்கள் சிலர் அவருடன் இணைந்தனர். மக்கள் காண அவர்கள் முதலில் தமக்கே ஊசி செலுத்திக்கொண்டனர். அதன் பின்னரே முன்வந்தோர்க்குச் செலுத்தினர்.

1894ஆம் ஆண்டு கல்கத்தாவின் புறத்தே இருந்த காட்டல் பாகான் என்னும் குடிசைப்பகுதியில் காலரா தோன்றியது. ஒரே குளத்து நீரைப் பயன்படுத்தி வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கு மேலும் 10 பேரைக் காலரா தாக்கியது. பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. ஒரே மண், ஒரே நீர், ஒரே காற்று. வேறுபாடு ஊசி ஒன்றே. இவ்வொப்பீட்டு முறையே ஹாஃப்கின் ஆய்வுகளின் உயிர்நாடி. மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒரே சூழலில் வைத்து ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஆக்ரா முதலிய வடபுலத்து நகரங்களிலும், அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் அவர் பயணம் செய்தார். முதல் இரண்டரை ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 பேர்க்கு ஊசி போடப்பட்டது. ஓயாத அலைச்சலால் மலேரியாவிற்கு ஆளாகி, உடல் நலிந்து 1895ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பிய அவர், ஓராண்டு நிறைவதற்குள் மீண்டும் இந்தியா வந்தார். அப்போதுதான் மேலைக் கடற்கரையிலிருந்து அச்செய்தி வந்தது.

நோய் சூழ்ந்த துறைமுகம்

இன்று மும்பை என வழங்கும் பம்பாய், அந்நாளில் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பெருநகரம். பருத்தி வாணிகத்தாலும் நூற்பாலைகளாலும் அது செழித்தது. செழிப்பை நாடிக் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் உழைப்பாளர்கள் வந்து குவிந்தனர். அவர்கள் தங்குவதற்கு எழுந்தவை, மாடிமேல் மாடியாக ஒற்றை அறைகளை அடுக்கிய சால் என்னும் குடியிருப்புகள். கதிரொளி புகாத அறை ஒன்றில் ஒரு குடும்பமோ, பல ஆடவர்களோ வாழ்ந்தனர்.

நகருக்கு நீர் வழங்க 1860ஆம் ஆண்டிலேயே விகார் ஏரியிலிருந்து குழாய்கள் அமைக்கப்பட்டன. நகருக்குள் வந்த நீர் வெளியேறுவதற்கு ஏற்ற வடிகால்கள் அமையவில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்வான நிலமாதலால் கழிவுநீர் தெருவோரங்களில் தேங்கியது. வீடுகளின் அடித்தளங்களில் ஊறியது. நகரின் செல்வத்தை வளர்த்தவர்கள் அந்நகரின் சாக்கடை ஓரத்தில் வாழ்ந்தனர்.

துறைமுகத்தை ஒட்டிய மாண்டுவிப் பகுதியில் தானியக் கிடங்குகள் நிறைந்திருந்தன. கிடங்குகளில் எலிகள் பெருகியிருந்தன. 1894ஆம் ஆண்டு ஆங்காங்கில் கொள்ளைநோய் தலைவிரித்தாடியது. அங்கு அலெக்சாந்தர் யெர்சின் என்னும் மருத்துவர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆங்காங்கிலிருந்து வந்த கப்பல்களின் வழியே அந்நோய் பம்பாயை அடைந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. மாண்டுவியில் நோயாளர் ஒருவரின் கடுங்காய்ச்சலையும், நெறிகட்டிய வீக்கத்தையும் கண்ட மருத்துவர் அகாசியோ வியேகாசு, இது கொள்ளைநோயே என்று 1896ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் துணிந்து கூறினார்.

அதிகாரமும் அச்சமும்

நோயின் பெயரைக் கேட்டதும் நகரம் நடுங்கியது. தொடர்வண்டி நிலையங்களிலும் படகுத்துறைகளிலும் மக்கள் அலைமோதினர். சில திங்களில் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினர். ஆலைகள் ஆளின்றி நின்றன. வெளியேறியோருடன் நோயும் பிற ஊர்களுக்குப் பயணம் செய்தது.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பது அன்று எவருக்கும் தெளிவாகத் தெரியாது. அழுக்கும் தீய காற்றுமே காரணம் என்று நகராட்சியினர் பெரிதும் நம்பினர். கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் சாக்கடைகளில் பாய்ச்சப்பட்டன. வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது, கூரைகள் பிரிக்கப்பட்டன, நோயாளரின் உடைமைகள் எரிக்கப்பட்டன. தூய்மைப்பணி தேவையானதே. ஆயினும், அது நடந்த முறை மக்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு வரம்பற்ற உரிமை அளித்தது. வீடுகளுக்குள் புகுந்து தேடினர். நோயாளரையும் உறவினரையும் பிரித்து வெவ்வேறு முகாம்களுக்குக் கொண்டு சென்றனர். தொடர்வண்டி நிலையங்களில் பெண்களையும் பலர் முன்னிலையில் சோதித்தனர். மருத்துவமனைக்குச் சென்றவர் மீள்வதில்லை என்ற அச்சத்தால் மக்கள் நோயாளரை ஒளித்து வைத்தனர். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் திரண்டு நோயாளர் மருத்துவமனையைத் தாக்கினர். புனேயில் கொள்ளைநோய்த் தடுப்புப் பணிக்குத் தலைமையேற்ற ராண்டு என்னும் அதிகாரி, அவரது கடுமையால் சினங்கொண்ட இளைஞர்களால் சுடப்பட்டு இறந்தார்.

அதே புனேயில், நோயுற்றோரைத் தொட்டுத் தூக்கித் தொண்டாற்றிய சாவித்திரிபாய் புலே, அந்நோய் தம்மையும் பற்ற 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உயிர்நீத்தார். ஆட்சியாளரின் கெடுபிடியை எதிர்த்த அதே மக்கள், அன்புடன் நீண்ட கையை ஏற்றனர் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்

1896ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அரசின் அழைப்பை ஏற்று ஹாஃப்கின் பம்பாய் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் ஒதுக்கப்பட்டன. எழுத்தர் ஒருவரும் ஏவலர் மூவருமே துணை. அத்தாழ்வாரம் ஆய்வகமாயிற்று.

கிருமிகளை வளர்க்க ஊட்டச்சத்துள்ள சாறு வேண்டும். ஐரோப்பிய ஆய்வகங்களில் மாட்டிறைச்சிச் சாற்றைப் பயன்படுத்துவது வழக்கம். இம்மருந்து செல்லவேண்டியது இந்திய மக்களின் உடலில் என்பதை மறவாத ஹாஃப்கின், ஆட்டிறைச்சியிலிருந்து சாறு உருவாக்கினார். அச்சாற்றின் மேற்பரப்பில் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள், ஆலமர விழுதுகளைப்போலக் கீழ்நோக்கி இறங்கி வளர்ந்தன. குடுவையை அசைத்தால் அவை அடியில் வீழும். மேலே மீண்டும் புதியன தோன்றும். வாரக்கணக்கில் இவ்வாறு பெருக்கிய கிருமிகளை வெப்பப்படுத்திக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்து மருந்தாக்கினார். மக்களின் அடுக்களைப் பொருளான நெய், இவ்வாறு மருத்துவ அறிவியலுக்குத் துணைநின்றது.

இடைவிடாத உழைப்பைத் தாங்க இயலாமல் உதவியாளர்கள் சோர்ந்தனர், சிலர் விலகினர். ஹாஃப்கின் விலகவில்லை. சனவரி 10ஆம் நாள் அவர் தமக்கே ஊசி செலுத்திக்கொண்ட செய்தி வெளியானதும், மருத்துவர்களும் நகரப் பெருமக்களும் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர்.

சிறைக்குள் கிடைத்த சான்று

அத்திங்களின் இறுதியில் பைகுல்லா சிறையில் கொள்ளைநோய் புகுந்தது. கைதிகளுள் விரும்பி முன்வந்த ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஊசி போடப்பட்டது. ஊசி போடுவதற்கு முன்பே நோய்க்கு ஆட்பட்டிருந்தோரை நீக்கிக் கணக்கிட்டபோது முடிவு தெளிவாகத் தெரிந்தது. ஊசி போட்டுக்கொள்ளாதவர்களுள் அறுவர் நோயால் இறந்தனர். போட்டுக்கொண்டவர்களுள் இருவரே நோயுற்றனர், அவர்களும் பிழைத்தனர்.

அடுத்த ஆண்டு பரோடாவை அடுத்த உந்தேரா என்னும் சிற்றூரிலும் இவ்வொப்பீடு நிகழ்ந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஊசி போடப்பட்டது. நோய் கண்ட குடும்பங்களில், ஊசி பெறாத 64 பேருள் 26 பேர் மாண்டனர். ஊசி பெற்ற 71 பேருள் மூவரே மாண்டனர். ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கியவர்களிடையே சாவு வேறுபாடு காட்டியது. ஊசி முழுப் பாதுகாப்பு அளிப்பதன்று. ஆயினும் இறப்பைப் பெரிதும் குறைப்பது என்ற உண்மையை ஹாஃப்கின் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

இசுலாமியருள் கோஜா பிரிவினரின் தலைவராக விளங்கிய இளைஞர் மூன்றாம் ஆகாகான், தம் மக்களின் அச்சத்தைப் போக்கத் தாமே முதலில் ஊசி போட்டுக்கொண்டார். அதனைக் கண்டு அச்சமூகத்தினர் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். ஆய்வகத்திற்காகத் தம் மாளிகை ஒன்றையும் அவர் அளித்தார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு ஆய்வகம் மாறியது. ஓர் அறையிலும் ஒரு தாழ்வாரத்திலும் தொடங்கிய பணி, மூன்றாண்டுகளில் ஆளுநர் வாழ்ந்த மாளிகையை அடைந்தது. பிரித்தானிய அரசு ஹாஃப்கினுக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது.

தெரிந்து தெளிவோம்

கொள்ளைநோயால் தாக்குண்ட எலிகள் இறந்ததும், அவற்றின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலை நாடுகின்றன. அப்போது மனிதரைக் கடிப்பதால் நோய் பரவுகிறது. 1898ஆம் ஆண்டு கராச்சியில் ஆய்வு செய்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் இதனைக் கண்டறிந்தார். அறிவுலகம் இதனை உடனே ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் நிகழ்ந்த விரிவான ஆய்வுகளே இதனை உறுதிசெய்தன. அதன்பின், சுண்ணாம்பும் அமிலமும் மட்டும் போதா. எலிகள் புகாத கிடங்கும், காற்றும் ஒளியும் புகும் வீடும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

முல்கோவாலில் நேர்ந்த துயரம்

1902ஆம் ஆண்டு பஞ்சாபில் கொள்ளைநோய் கடுமையாகப் பரவியது. பல இலட்சம் பேர்க்கு ஊசி போட அம்மாநில அரசு திட்டமிட்டது. பரேல் ஆய்வகம் பெருமளவில் மருந்து உருவாக்க வேண்டியதாயிற்று. வெப்பத்தால் கிருமிகளை அழித்தபின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பது மிகையானது என்று தம் ஆய்வுகளால் தெளிந்த ஹாஃப்கின், அவ்வமிலத்தைத் தவிர்த்தார். பாஸ்டர் நிறுவனம் முன்பே கைக்கொண்டிருந்த முறை அது.

அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் முல்கோவால் என்னும் பஞ்சாபுச் சிற்றூரில் 107 பேர்க்கு ஊசி போடப்பட்டது. மருந்து ஐந்து புட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்தபின் அவ்வூரில் சிலருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்து இசிவு கண்டது. டெட்டனஸ் என்னும் இரணசன்னி நோய் அது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் ஒருவர் தப்பாமல் இறந்தனர். மற்ற நான்கு புட்டிகளின் மருந்தைப் பெற்ற எவருக்கும் தீங்கு நேரவில்லை.

உயிர்காக்க வந்த மருந்து உயிர்பறித்தது என்ற செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. பத்தாண்டுகள் பாடுபட்டு வளர்த்த நம்பிக்கை ஒரே நாளில் சரிந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு, புட்டிக்குள் நஞ்சு கலந்தது பரேல் ஆய்வகத்திலேயே என்று முடிவுகட்டியது; கார்பாலிக் அமிலத்தைத் தவிர்த்ததைப் பெரும்பிழையாகச் சுட்டியது. ஹாஃப்கின் ஊதியமின்றிப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். தம் பெயரால் அறியப்பட்ட மருந்து தொடர்ந்து பயன்பட, தாம் மட்டும் குற்றவாளியென 1904ஆம் ஆண்டு இந்தியாவை விட்டு நீங்கினார்.

இடுக்கி சொன்ன உண்மை

ஹாஃப்கின் சினத்தால் பேசவில்லை, சான்றுகளைத் தேடினார். விசாரணை ஆவணங்கள் ஆண்டுகள் சில கழித்தே வெளியாயின. அவற்றுள் ஒரு செய்தி பொதிந்திருந்தது. முல்கோவாலில் அப்புட்டியைத் திறந்தபோது, உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை முறையாகத் தூய்மைசெய்யாமல் அவ்விடுக்கியாலேயே புட்டியின் தக்கையை எடுத்தனர். இரணசன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது.

வேறொரு சான்றும் இருந்தது. ஆய்வகத்திலேயே இரணசன்னிக் கிருமி புட்டிக்குள் புகுந்திருந்தால், அது பல நாள்கள் அடைபட்டு வளர்ந்து, திறந்தவுடன் கடுநாற்றம் வீசியிருக்கும். ஊசி போடுவதற்கு முன் மருத்துவர் புட்டியை முகர்ந்து பார்த்தார், நாற்றம் இல்லை. ஆகவே, கிருமி புகுந்தது புட்டியைத் திறந்த அன்றே, முல்கோவால் மண்ணிலிருந்தே என்று அறிஞர்கள் தெளிந்தனர்.

மலேரியாவைக் கொசுக்கள் பரப்பும் உண்மையைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், ஹாஃப்கினுக்காகக் குரல் எழுப்பினார். 1907ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவரும் பிற நுண்ணுயிரியல் அறிஞர்களும் இணைந்து கையொப்பமிட்ட மடல் ஒன்று இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. பழி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதோடு, அது பொய் என்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று அம்மடல் நிறுவியது. பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் வினாக்கள் எழுந்தன. அவ்வாண்டின் இறுதியில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு அவரை மீண்டும் பணிக்கு அழைத்தது.

ஐந்தாண்டு கடந்து கிடைத்த நீதி அது. அவ்வைந்தாண்டுகளில் பஞ்சாபில் கொள்ளைநோய் பல இலட்சம் உயிர்களைக் கவர்ந்துவிட்டது. ஊசியின்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை குலையாதிருந்தால் அவர்களுள் எத்தனையோ பேர் பிழைத்திருப்பர். ஒரு மனிதர்மீது ஆராயாமல் சுமத்தப்பட்ட பழியின் சுமையை அம்மனிதரோடு ஒரு மாநிலமே சுமந்தது.

இறுதிக்காலம்

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். பரேல் ஆய்வகத்தில் வேறொருவர் பொறுப்பேற்றிருந்ததால் கல்கத்தாவில் அவருக்குப் பணி தரப்பட்டது. ஆயினும், புதிய மருந்துகளை மக்களிடம் ஆய்ந்து பார்க்க அவருக்கு இசைவு வழங்கப்படவில்லை. குற்றமற்றவர் என்று ஏற்ற அரசு, அவரை முழுமையாக நம்பத் தயங்கியது. மக்களிடையே இறங்கிப் பணியாற்றியவர், ஆய்வகச் சுவர்களுக்குள் அடங்கினார். ஓய்வு பெறும் அகவை வந்ததும் ஐரோப்பா திரும்பினார். திருமணம் செய்துகொள்ளாமல் தனித்து வாழ்ந்த அவர், இறுதி நாள்களில் தம் சமயக் கல்விக்குத் தம் செல்வத்தை எழுதிவைத்தார். 1930ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார்.

அவர் மறைவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1925ஆம் ஆண்டில், பரேல் ஆய்வகத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதற்குள் அங்கிருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவு ஊசிமருந்து நாடெங்கும் சென்றிருந்தது. விடுதலை பெற்ற இந்தியா, 1964ஆம் ஆண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. பிறந்த மண்ணில் பதவி மறுக்கப்பட்டவர்க்கு, வந்த மண் நிலைத்த பெயரை அளித்தது.

பொதுநலம் காக்கும் பணியில் சட்டத்திற்கும் இடமுண்டு; சாக்கடைத் தூய்மைக்கும் இடமுண்டு; ஊசிமருந்திற்கும் இடமுண்டு. இவை மூன்றும் பயன்தர வேண்டுமாயின் மக்கள் அவற்றை நம்பி ஏற்க வேண்டும். நம்பிக்கையை ஆணையிட்டுப் பெற இயலாது. பிறரை நோக்கி நீட்டும் ஊசியை முதலில் தன்மீது செலுத்திக்கொள்ளும் துணிவுடையோரே அதனைப் பெறுவர். அந்நம்பிக்கை எளிதில் உடையக்கூடியது. தரையில் விழுந்த ஓர் இடுக்கியே அதனை உடைக்கப் போதும். ஆதலால், அதனைக் காக்கும் பொறுப்பு கண்டுபிடித்த அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. புட்டியைத் திறக்கும் கைக்கும், விசாரணை செய்யும் அரசுக்கும், செய்தியைக் கேட்டு உண்மையை ஆராயவேண்டிய மக்களுக்கும் அப்பொறுப்பு உண்டு. பரேலில் இன்றும் நிற்கும் அம்மாளிகை இவ்வுண்மையை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.